18-கிரவுன்-6இன் ஓட்டை பொட்டாசியத்துக்கு அளவெண்டால் சோடியம் ஏன் புகுது? (கிணற்றுநீர் மின்வாய், முன்னொழுங்கு)

#1 கிணத்தடி

வணக்கம். உயர்தர மாணவர் குழுவின்ரை செயற்றிட்டத்துக்குக் கேக்கிறன். தோட்டக் கிணறுகளிலை பொட்டாசியம் எவ்வளவு கிடக்கு எண்டு அயன்தேர் மின்வாயாலை (ஒரு குறித்த அயனைத் தெரிஞ்சு மில்லிவோல்ட்டாக் காட்டுறது) அளக்கிறதுதான் வேலை. வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் போடுற மியூரியேற் ஒஃப் பொட்டாசு சுண்ணக்கல்லுக்குள்ளாலை இறங்கிக் கிணத்துக்கு வருதோ எண்டு பாக்க வேணும்.

ஆய்வுகூடத்திலை 18-கிரவுன்-6 (18 அணு வளையத்திலை 6 ஒட்சிசன் உள்ள ஈதர்) ஒரு போத்தில் இருக்கு. புத்தகத்திலை அதின்ரை ஓட்டையின் விட்டம் 260 முதல் 320 பிக்கோமீற்றர், பொட்டாசியம் அயன்ரை விட்டம் 276, ஆகவே பொருந்தும் எண்டு கிடக்கு. கேள்விகள்:

உதைப் பிவிசி மென்சவ்வுக்குள்ளை போட்டு மின்வாய் செய்யலாமோ?

ஓட்டை அளவுதான் காரணமெண்டால் சோடியமும் ஏன் ஓரளவு நல்லாப் பிணையுது?

முன்னொழுங்கு, கீலேற்று விளைவு, பெருவளைய விளைவு மூண்டும் ஒண்டோ, வேறையோ? பிள்ளையள் கேட்டால் தெளிவாச் சொல்ல வேணும்.

#2 கல்லுண்டாய்

முதல் கேள்விக்கு ஏலாது எண்டுதான் பதில், ரீச்சர். 18-கிரவுன்-6 தண்ணியிலை நல்லாக் கரையும். மென்சவ்வுக்குள்ளை வைச்சால் மாதிரித் தண்ணிக்குள்ளை கழண்டு போயிடும். காலமை ஒரு வாசிப்பு, பின்னேரம் இன்னொரு வாசிப்பு வரும். மின்வாய்க்குப் போற மூலக்கூறு எண்ணெய்ப்பக்கத்தை விட்டு வெளிக்கிடக் கூடாது.

ரண்டாவது கேள்விக்கு இலக்கங்களைப் பாருங்கோ. மெதனோலிலை, 25 பாகையிலை, உறுதி மாறிலியின்ரை மடக்கை. முதல் சோடியம், பிறகு பொட்டாசியம்:

12-கிரவுன்-4: 1.70, 1.74
15-கிரவுன்-5: 3.24, 3.43
18-கிரவுன்-6: 4.35, 6.08
21-கிரவுன்-7: 2.54, 4.35

1983இல் கோக்கல் குழு வெளியிட்ட அளவுகள் இவை. ஓட்டைக் கதை முழுக்கச் சரியெண்டால் 15-கிரவுன்-5 சோடியத்தைத்தான் விரும்ப வேணும், அதின்ரை ஓட்டை 170 முதல் 220, சோடியத்தின்ரை விட்டம் 204. ஆனால் அதுவும் பொட்டாசியத்தைத்தான் மயிரிழை அளவு கூடுதலாப் பிடிக்குது. 12-கிரவுன்-4ம் அப்பிடித்தான். நாலு வளையமும் பொட்டாசியத்தையே விரும்புது.

காரணம் ரண்டு. ஒண்டு, சோடியத்தின்ரை கரைப்பான் உறையைக் கழட்ட அதிகம் செலவாகுது. நீரேற்றச் சுயாதீன சக்தி சோடியத்துக்கு மூலுக்கு மறை 365 கிலோயூல், பொட்டாசியத்துக்கு மறை 295. மற்றது, வளையத்திலை ஒட்சிசன்களுக்கு இடையிலை ரண்டு காபன் இருக்கிறதாலை உலோகத்தோடை சேரேக்கை உருவாகிறது ஐந்தங்கக் கீலேற்று வளையம். அந்த வளையம் நெருக்கடி இல்லாமல் இருக்க வேணுமெண்டால் உலோகம் கொஞ்சம் தள்ளி, ஏறக்குறைய 250 பிக்கோமீற்றர் தூரத்திலை இருக்க வேணும். ஆறங்க வளையத்துக்கு அது 160 தான். வேதியியலாளர் ஹான்கொக் இதைத்தான் திருப்பித் திருப்பி எழுதினவர்: ஐந்தங்க வளையம் பெரிய அயனுக்கு, ஆறங்க வளையம் சின்ன அயனுக்கு. அதாலைதான் இலிதியத்துக்குச் செய்யிற 14-கிரவுன்-4 வகைகளிலை மூண்டு காபன் பாலங்களைக் கலந்து வைக்கினம்.

பிள்ளையளுக்கு ஓட்டைப் படத்தைக் காட்டலாம். ஆனால் அதோடை நிப்பாட்ட வேண்டாம்.

#3 வெள்ளைப்படிவு

மூன்றாவது கேள்விக்கு விரிவாக எழுதுகிறேன். இது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. பாடநூல்கள் இங்கேதான் அவசரப்படுகின்றன.

ஒரு விருந்தோம்பி மூலக்கூறு அயனைப் பிடிக்க மூன்று விலை கொடுக்க வேண்டும். அயனின் நீருறையைக் கழற்றுவது ஒன்று. தன் வழங்கி அணுக்களில் (இலத்திரன் கொடுத்து அயனைப் பிடிக்கும் ஒட்சிசன் போன்றவை) ஒட்டியிருக்கும் கரைப்பானை விலக்குவது இன்னொன்று. தன் உடலை வளைத்து, வழங்கிகளை எல்லாம் ஒரே மையம் நோக்கித் திருப்புவது மூன்றாவது. அந்தத் திருப்பத்தில் எந்திரப்பியும் போகும், ஒட்சிசன்கள் ஒன்றையொன்று தள்ளும் வெப்பவுள்ளுறையும் கூடும். முன்னொழுங்கு என்றால் பின்னிரண்டு விலைகளையும் தொகுப்பின்போதே கட்டிவிடுவது. அயன் வரும்போது விருந்தோம்பி ஏற்கெனவே அந்த வடிவில் நிற்கும்.

மூன்று சொற்களும் ஒன்றல்ல.

கீலேற்று விளைவு: தனித்தனி வழங்கிகளுக்குப் பதில் அவற்றை ஒரு சங்கிலியில் கோப்பதால் வரும் உறுதி.

பெருவளைய விளைவு: அந்தச் சங்கிலியின் இரு முனைகளையும் மூடுவதால் வரும் மேலதிக உறுதி. ஆறு ஒட்சிசன் உள்ள திறந்த சங்கிலியான பென்டாகிளைம் மெதனோலில் பொட்டாசியத்தைப் பிடிக்கும் மாறிலியின் மடக்கை 2.1 அளவு. அதே ஆறு ஒட்சிசனை வளையமாக்கினால் 6.1. பத்தாயிரம் மடங்கு.

முன்னொழுங்கு: இவற்றுக்குப் பொதுவான அடிக்காரணம். வளையமாக்குவது அதை அடையும் ஒரு வழி மட்டுமே.

பிள்ளைகள் வழக்கமாகத் தவறவிடும் ஒன்று: வெறும் 18-கிரவுன்-6 நல்ல முன்னொழுங்குள்ள மூலக்கூறு அல்ல. பளிங்கில் அது முடி போல வட்டமாக நிற்பதில்லை. இரண்டு மெதிலீன் கூட்டங்கள் உள்ளே திரும்பி ஓட்டையை அடைத்துக் கொண்டிருக்கும், சில ஒட்சிசன்கள் வெளியே பார்க்கும். பொட்டாசியம் வந்த பிறகுதான் அது முடியாகிறது. புத்தகத்தில் நாம் பார்க்கும் அழகான வட்டம் சிக்கலின் படம், வெறும் ஈதரின் படம் அல்ல.

உண்மையான முன்னொழுங்குக்கு எடுத்துக்காட்டு டொனால்ட் கிராம் 1979இல் வெளியிட்ட ஸ்பெராண்ட். ஆறு அனிசோல் அலகுகள் நேரடியாக ஒன்றோடொன்று பிணைந்த வளையம். ஆறு மெதொட்சி ஒட்சிசன்களும் எண்முகி மூலைகளில், பிணைப்பில் சேராத 24 இலத்திரன்களும் உள்நோக்கி, கரைப்பான் நுழைய வழியே இல்லை. அந்த ஒட்சிசன்களுக்கு வேறு எங்கும் திரும்ப முடியாது. அது இலிதியத்தைப் பிடிக்கும் மாறிலியின் மடக்கை 16க்கு மேல், சோடியத்துக்கு 14.1 (நீர் நிரம்பிய குளோரோபோமில், பிக்கிரேற்று உப்புகளாக). பொட்டாசியத்தைக் கண்டறியும் அளவுக்குக்கூடப் பிடிக்காது. ஒரே ஒரு காபன்-காபன் பிணைப்பை வெட்டி, அந்த இடத்தில் இரண்டு ஐதரசனை வைத்தால் அதே அலகுகள் கொண்ட திறந்த சங்கிலி கிடைக்கும். இலிதியத்துக்கான பிடி அப்போது 10¹² மடங்குக்கு மேல் விழுந்துவிடும். வழங்கிகள் அதே ஆறு. மாறியது, அவை முன்கூட்டியே நின்ற இடம்.

பெடர்சன், லேன், கிராம் மூவருக்கும் 1987இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. கிரவுன், கிரிப்டாண்ட் (கூடு போன்ற முப்பரிமாண மூலக்கூறு), ஸ்பெராண்ட் என்ற வரிசையே முன்னொழுங்கு ஏறும் வரிசை.

#4 கிணத்தடி

நன்றி. ஒரு இடம் இன்னும் இடறுது. எங்கடை பிள்ளையள் ஈடிரிஏ (உலோக அயனைச் சுத்திப் பிடிக்கிற கீலேற்றி) நியமிப்பு நல்லாச் செய்வினம். 50 மில்லிலீற்றர் கிணத்துத் தண்ணி, அமோனியாத் தாங்கல் பிஎச் 10, ஈரியோக்குரோம் பிளாக் ரி, லீற்றருக்கு 0.01 மூல் ஈடிரிஏ, ஒவ்வொரு மில்லிலீற்றருக்கும் 1 மில்லிகிராம் கல்சியம் காபனேற்று. ஆனால் அது கல்சியம், மகனீசியம் ரண்டையும் சேத்துத்தான் எண்ணுது. முன்னொழுங்கு கூடினால் தெரிவும் கூடுமெண்டால், ஈடிரிஏயை விறைப்பாக்கினால் கல்சியத்தை மட்டும் பிடிக்குமோ?

#5 வெள்ளைப்படிவு

மிக நல்ல கேள்வி, ரீச்சர். அந்தச் சோதனை ஏற்கெனவே நடந்துவிட்டது. விடை பலரும் எதிர்பார்ப்பது அல்ல.

ஈடிரிஏயின் நடுவிலுள்ள இரண்டு காபனை ஒரு சைக்கிளோஎக்சேன் வளையத்துக்குள் பூட்டினால் சிடிரிஏ கிடைக்கும். இரண்டு நைதரசனும் எப்போதும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். உறுதி மாறிலிகளின் மடக்கைகள்:

ஈடிரிஏ: கல்சியம் 10.7, மகனீசியம் 8.7.
சிடிரிஏ: கல்சியம் 13.1, மகனீசியம் 11.0.

இரண்டுமே ஏறக்குறைய 2.3 அலகு கூடின. இடைவெளி மட்டும் அசையவில்லை, அதே இரண்டு. அதாவது விறைப்பு பிடியின் பலத்தைக் கூட்டியது, தெரிவைக் கூட்டவில்லை. பூட்டிய இடம் இரண்டு அயனுக்கும் ஒரே மாதிரி உதவும் இடம்.

இப்போது ஈஜிரிஏயைப் பாருங்கள். கல்சியம் 11.0, மகனீசியம் 5.2. ஆறு இலட்சம் மடங்கு இடைவெளி. இது ஈடிரிஏயை விட நீளமான, நெகிழ்வான மூலக்கூறு, முன்னொழுங்கு குறைவு. ஆனால் இரண்டு ஈதர் ஒட்சிசன் சேர்ந்ததால் வழங்கிகள் எட்டு, எல்லாமே ஐந்தங்க வளையங்கள். 100 பிக்கோமீற்றர் ஆரையுள்ள கல்சியம் எட்டையும் தாராளமாக ஏற்கும். 72 பிக்கோமீற்றர் மகனீசியத்தால் அவ்வளவையும் சுற்றி நிறுத்த முடியாது.

ஆகவே பிள்ளைகளிடம் இரண்டாகப் பிரித்துச் சொல்லுங்கள். முன்னொழுங்கு தருவது பலம். தெரிவைத் தருவது, வழங்கிகளை எந்த வடிவில் ஒழுங்கு செய்தோம், அந்த வடிவம் தவறான அயனுக்காகச் சுருங்கவோ விரியவோ எவ்வளவு மறுக்கிறது என்பது. ஸ்பெராண்டில் இரண்டும் ஒன்றாக வந்தன, சிடிரிஏயில் முதலாவது மட்டும் வந்தது.

இன்னொன்றும் உண்டு. இலிதியத்தின் ஆரை 76, மகனீசியம் 72. ஓட்டை அளவால் பார்த்தால் ஸ்பெராண்ட் மகனீசியத்தையும் பிடிக்க வேண்டும். பிடிக்காது. மகனீசியத்தின் நீரேற்றச் சக்தி மூலுக்கு மறை 1830 கிலோயூல். நடுநிலையான ஆறு ஈதர் ஒட்சிசன்கள் அந்த நீரை விலை கொடுத்து வாங்க முடியாது. மகனீசியத்துக்கு ஏற்றமுள்ள காபொட்சிலேற்று வேண்டும்.

#6 சின்னக்கடை

வகுப்பிலை காட்ட ஒரு சின்னச் செய்முறை. மூண்டு சோதனைக் குழாய், ஒவ்வொண்டிலும் 10 மில்லிலீற்றர் உலர்ந்த தொலுயீன், 16 மில்லிகிராம் பொற்றாசியம் பேர்மங்கனேற்று. பேர்மங்கனேற்றைத் தனியா அரைச்சுத் தூளாக்கிப் போட வேணும். சேதனப் பொருளோடை சேத்து அரைக்கவே கூடாது.

முதலாவதிலை வேறை ஒண்டும் வேண்டாம். ரண்டாவதிலை 22 மில்லிகிராம் டெட்ராகிளைம் (திறந்த சங்கிலி ஈதர்). மூண்டாவதிலை 26 மில்லிகிராம் 18-கிரவுன்-6. மூடி ரண்டு மூண்டு நிமிசம் குலுக்குங்கோ.

முதலாவது குழாயின்ரை அடியிலை தூள் அப்பிடியே கறுப்பாக் கிடக்கும், மேலை தொலுயீன் தண்ணி மாதிரித் தெளிவு. மூண்டாவதிலை குலுக்கேக்கையே ஊதா ஏறும். நாவற்பழச் சாறு மாதிரி. டெட்ராகிளைமிலை நிறம் ஏறினாலும் மிக மங்கல்தான். அதிலை ஒட்சிசன் அஞ்சு, கிரவுனிலை ஆறு, எண்ணிக்கையிலை பெரிய வித்தியாசம் இல்லை. வளையம் மூடினதுதான் வித்தியாசம்.

பிறகு மூண்டாவதுக்குள்ளை 5 மில்லிலீற்றர் தண்ணி விட்டுக் குலுக்குங்கோ. ஊதா கீழை தண்ணிக்கு இறங்கிடும். மெதனோலிலை 6.1 ஆக இருக்கிற மடக்கை தண்ணியிலை 2.0 தான். பொட்டாசியத்துக்குத் தண்ணியும் ஒரு விருந்தோம்பி எண்டது அப்ப கண்ணுக்குத் தெரியும்.

கவனம்: ஊதாத் தொலுயீனை வைச்சிருக்க வேண்டாம், பேர்மங்கனேற்று மெல்ல மெல்ல எல்லாத்தையும் ஒட்சியேற்றும். அண்டைக்கே சோடியம் பைசல்பைற்றுக் கரைசல் விட்டு நிறத்தை அழியுங்கோ. கிளைமும் கிரவுனும் தோலாலை ஏறும், கையுறை கட்டாயம். ஆவியடுப்புக்குள்ளை செய்யுங்கோ.

#7 கல்லுண்டாய்

சின்னக்கடை சொன்னதுக்கு ஒரு சேர்ப்பு. 18-கிரவுன்-6 ஈரம் இழுக்கும். போத்தில் பழசெண்டால் கட்டி பட்டுக் கிடக்கும், நிறுக்கிறதிலை பாதி தண்ணி. சூடான அசெற்றோநைத்திரிலிலை கரைச்சுக் குளிர விட்டால் அசெற்றோநைத்திரில் சிக்கலாப் பளிங்கு வரும். வடிச்சு, குறைந்த அமுக்கத்திலை 40 பாகைக்குக் கீழை அசெற்றோநைத்திரிலை ஓட்டினால் சுத்தமான கிரவுன் மிஞ்சும். 50 கிராமுக்கு 125 மில்லிலீற்றர் எண்ட விகிதம். காய்ச்சி வடிக்க வெளிக்கிட வேண்டாம், அதிலை வெடிப்பு நடந்திருக்கு.

#8 நாவற்குழி

மின்வாய்க்கு வருவம். பொட்டாசியத்துக்குத் தேவையானது வலினோமைசின். இயற்கை செய்த முன்னொழுங்கு. 36 அணு வளையம், அதிலை ஆறு எசுத்தர் காபனைல் ஒட்சிசன் எண்முகியா உள்ளுக்குப் பாக்குது. வெளியிலை அமைட்டு ஐதரசன் பிணைப்புகள் ஆறும் வளையத்தைக் காப்பு மாதிரிப் பூட்டி வைச்சிருக்கு. சோடியத்துக்காக அந்தக் காப்பு சுருங்காது. அதாலை சோடியத்தை விடப் பொட்டாசியத்தைப் பத்தாயிரம் மடங்கு அளவிலை தெரிவு செய்யும்.

ஏன் அவ்வளவு தெரிவு வேணும் எண்டதுக்குக் கணக்கு. கரையோரக் கிணறு ஒண்டிலை, கோடையிலை உவர் ஏறின நேரம், சோடியம் லீற்றருக்கு 460 மில்லிகிராம் எண்டு வையுங்கோ, 20 மில்லிமூல். பொட்டாசியம் 3.9 மில்லிகிராம், 0.1 மில்லிமூல். தெரிவுக் குணகம் (சோடியத்தின்ரை எந்தப் பங்கு பொட்டாசியமா வாசிக்கப்படும் எண்டது) நூறிலை ஒண்டெண்டால் சோடியம் 0.2 மில்லிமூல் பொட்டாசியமா நடிக்கும், வாசிப்பு மூண்டு மடங்காகும். பத்தாயிரத்திலை ஒண்டெண்டால் நடிப்பு 0.002, பிழை நூற்றுக்கு 2. செயற்கை வழியிலை போறதெண்டால் ரண்டு பென்சோ-15-கிரவுன்-5ஐ ஒரு பாலத்தாலை கோத்த மூலக்கூறுகள் இருக்கு. பொட்டாசியத்தை ரண்டு வளையமும் அப்பம் மாதிரி மேலையும் கீழையும் மூடும், சோடியத்துக்கு அந்த மூடல் தேவையில்லை. நல்லா வேலை செய்யும், ஆனால் வலினோமைசின் அளவுக்கு வராது.

கலவை, 200 மில்லிகிராம் மென்சவ்வுக்கு:

வலினோமைசின் 2 மில்லிகிராம்
பொற்றாசியம் தெத்திராக்கிசு(4-குளோரோபீனைல்)போரேற்று 0.5 மில்லிகிராம்
உயர் மூலக்கூற்றுநிறைப் பிவிசி 66 மில்லிகிராம்
இளக்கி, பிஸ்(2-எதைல்எக்சைல்) செபகேற்று 131.5 மில்லிகிராம்
ரிஎச்எஃப் (தெத்திராஐதரோபியூரான், கரைப்பான்) 2 மில்லிலீற்றர்

பிவிசியைக் கடைசியாப் போட்டு, கட்டி படாமல் அரை மணித்தியாலம் கலக்குங்கோ. மட்டமான கண்ணாடித் தட்டிலை 30 மில்லிமீற்றர் உள்விட்டக் கண்ணாடி வளையத்தை வைச்சு ஊத்துங்கோ. வளையத்துக்கு மேலை வடிதாள் சில தாள், அதுக்கு மேலை பாரம். இரவு முழுக்க விட்டால் கால் மில்லிமீற்றர் தடிப்பிலை தெளிவான, இழுபடுற தோல் வரும். 7 மில்லிமீற்றர் வட்டமா வெட்டி, ரிஎச்எஃப்பிலை கரைச்ச கொஞ்சப் பிவிசியாலை பிவிசிக் குழாயின்ரை நுனியிலை ஒட்டுங்கோ. உள்ளுக்கு லீற்றருக்கு 0.01 மூல் பொற்றாசியம் குளோரைட்டு, அதுக்குள்ளை வெள்ளிக் கம்பி. கம்பியைத் துணி வெளுக்கிற ஐப்போகுளோரைற்றிலை அரை மணித்தியாலம் வைச்சால் கபில ஊதாவாக் குளோரைட்டு படியும். பாவிக்க முதல் ஒரு இரவு 0.01 மூல் பொற்றாசியம் குளோரைட்டுக்குள்ளை ஊற வையுங்கோ.

மாரி மாதத்திலை வார்க்கிறதெண்டால் அந்த வடிதாளை வைக்காமல் விட வேண்டாம். ரிஎச்எஃப் வேகமா ஆவியானால் மேற்பரப்பு குளிரும், காத்திலை உள்ள ஈரம் படியும், தோல் பால் மாதிரி வெளுக்கும். வெளுத்ததைப் பாவிக்க வேண்டாம்.

ஒப்பீட்டு மின்வாய் இரட்டைச் சந்தியா இருக்க வேணும், வெளிப் பாலத்திலை 1 மூல் இலிதியம் அசெற்றேற்று. சாதாரண பொற்றாசியம் குளோரைட்டு மின்வாயை மாதிரிக்குள்ளை விட்டால் அது பொட்டாசியத்தைக் கசிய விட்டு, நீங்கள் உங்கடை மின்வாயையே அளப்பியள். மானிக்குப் பிஎச் மானியின்ரை மில்லிவோல்ட்டுப் பகுதி நல்லம். மென்சவ்வின்ரை தடை மெகா ஓம் கணக்கு, மல்ரிமீற்றர் அதை இழுத்து விழுத்தும்.

வலினோமைசின் கடும் நஞ்சு. அது பொட்டாசியத்தைக் கலமென்சவ்வுக்குள்ளாலையும் இப்பிடித்தான் கடத்தும். பிள்ளையள் தூளைத் தொடக்கூடாது. நீங்களே கரைச்சுக் குடுங்கோ.

#9 கிணத்தடி

செய்து பாத்தாச்சு. தோல் தெளிவு. தனிப் பொற்றாசியம் குளோரைட்டிலை, 10⁻¹ இலிருந்து 10⁻⁴ வரை சாய்வு தசமத்துக்கு (செறிவின்ரை ஒவ்வொரு பத்து மடங்குக்கும்) 58 மில்லிவோல்ட்டு. ஆனால் லீற்றருக்கு 0.02 மூல் சோடியம் குளோரைட்டுப் பின்னணியிலை 10⁻³க்குக் கீழை கோடு மட்டமாப் போகுது. ஒப்பீட்டு மின்வாய் இரட்டைச் சந்திதான். கிரவுனைப் போடேல்லை, வலினோமைசின்தான். எங்கை பிழை?

#10 நாவற்குழி

அளவு மட்டமாகிற இடத்தைச் சோடியத்தாலை வகுங்கோ. 0.001 ஐ 0.02ஆலை வகுத்தால் 0.05. தெரிவுக் குணகம் இருபதிலை ஒண்டு. வலினோமைசின் வேலை செய்யிற மென்சவ்விலை மட்டமாக வேண்டிய இடம் 2 × 10⁻⁶ சுத்து வட்டாரம். அப்ப உங்கடை மென்சவ்விலை வலினோமைசின் தெரிவை நடத்தேல்லை.

போரேற்று உப்பை எந்தத் தராசிலை நிறுத்தியள்? 1 மில்லிகிராம் வரை மட்டும் காட்டுற தராசெண்டால் அதுதான் பிழை.

2 மில்லிகிராம் வலினோமைசின் எண்டால் 1.8 மைக்குறோமூல் (மூலர்த் திணிவு 1111). 0.5 மில்லிகிராம் போரேற்று எண்டால் 1.0 மைக்குறோமூல் (496). அதுதான் வேணும், அண்ணளவா பாதி. அப்ப ஏறக்குறைய பாதி வலினோமைசின் பொட்டாசியத்தோடையும் மீதி வெறுமையாவும் நிக்கும், அந்த வெறுமையான பங்குதான் சோடியத்துக்கு இடம் குடாமல் வைச்சிருக்கு. போரேற்று 1 மில்லிகிராம் விழுந்தால் 2.0 மைக்குறோமூல், வலினோமைசினை விடக் கூட. மிச்சப் போரேற்றுக்கு எதிரயனா நிக்கிற பொட்டாசியத்தை ஒருத்தரும் கட்டிப் பிடிக்கேல்லை. அந்த இடத்திலை மென்சவ்வு வெறும் அயன்பரிமாற்றி. சோடியம் லேசா உள்ளிடும். தனிப் பொட்டாசியத்திலை சாய்வு நல்லா வரும், அதாலை பிழை தெரியாது. பின்னணி உப்பு வந்தாப் பிறகுதான் அம்பிடும்.

5 மில்லிகிராம் போரேற்றை நிறுத்து 10 மில்லிலீற்றர் ரிஎச்எஃப்பிலை கரையுங்கோ. அதிலை 1 மில்லிலீற்றரைக் குழாயியாலை எடுத்தால் 0.5 மில்லிகிராம். பிறகு 1 மில்லிலீற்றர் ரிஎச்எஃப் மட்டும் சேருங்கோ. வலினோமைசினுக்கும் இதே வழி, 10 மில்லிகிராமை 5 மில்லிலீற்றரிலை கரைச்சு 1 மில்லிலீற்றர். அப்ப மேலதிக ரிஎச்எஃப் தேவையில்லை.

#11 நுணாவில்

ஒரு கேள்வி, நாவற்குழி அண்ணை. பிடிதான் முக்கியமெண்டால் வலினோமைசினை விட விறைப்பான கிரிப்டாண்டை ஏன் போடேல்லை? [2.2.2] எண்ட கிரிப்டாண்டுக்குத் தண்ணியிலேயே பொட்டாசியத்தோடை மடக்கை 5.4 எண்டு வாசிச்சன்.

#12 வெள்ளைப்படிவு

தம்பி, மூன்று காரணம். [2.2.2] தண்ணீரில் சோடியத்துக்கு 3.9, பொட்டாசியத்துக்கு 5.4. தெரிவு முப்பது மடங்குதான். இரண்டாவது, பாலத் தலைகளில் இரண்டு மூவிணைய அமீன் உண்டு. பிஎச் குறையும்போது புரோத்தன் அவற்றைப் பிடித்துக் கொள்ளும், மின்வாய் அமிலத்தையும் சேர்த்து அளக்கும்.

மூன்றாவதுதான் முன்னொழுங்கின் மறுபக்கம். வளைய முடியாத கூட்டுக்குள் அயன் படிப்படியாக நுழையவோ வெளியேறவோ முடியாது. நீர் மூலக்கூறுகள் ஒவ்வொன்றாக விலகி, வழங்கிகள் ஒவ்வொன்றாக அந்த இடத்தை எடுக்க வேண்டும், அதற்கு மூலக்கூறு கொஞ்சம் வளைந்து கொடுக்க வேண்டும். கிரிப்டாண்டில் அது மெதுவாகும், ஸ்பெராண்டில் மிக மிக மெதுவாகும். மின்வாய் என்பது அயன் இடைவிடாமல் ஏறி இறங்கும் இடம். அங்கே பிடித்ததை விடாத மூலக்கூறு பயன்படாது. வலினோமைசினின் ஐதரசன் பிணைப்புகள் சோடியத்துக்காகச் சுருங்க மறுக்கும், பொட்டாசியம் நுழையும்போது திறந்து மூடும்.

விடாமல் பிடிக்கத்தான் வேண்டும் என்ற இடங்களும் உண்டு. எம்ஆர்ஐ படத்துக்கு ஊசியில் ஏற்றும் கடோலினியம் அப்படி. அங்கே திறந்த சங்கிலியான டிரிபிஏயை விட வளையமான டோற்றா விரும்பப்படுவது, உடலில் கடோலினியத்தை மெதுவாகவே விடும் என்பதால்.

இரண்டுக்கும் நடுவே சீசியம். அமெரிக்காவில் சவன்னா ஆற்றங்கரை அணுக்கழிவுத் தொட்டிகளில் சோடியம் மிகப் பெருந்தொகை, சீசியம் மிகச் சிறிது. அதைப் பிரிக்கக் கலிக்சரீன்-கிரவுன்-6 வகையைப் பயன்படுத்தினார்கள். கலிக்சரீனின் நான்கு பீனோல் அலகுகள் மாறி மாறி மேலும் கீழுமாகப் பூட்டப்பட்டிருக்கும். கிரவுன் வளையம் வளையும், பென்சீன் வளையங்கள் அசையாமல் நின்று சீசியத்தைத் தம் பை இலத்திரன்களால் பக்கத்தில் தாங்கும். காரக் கழிவிலிருந்து சீசியத்தைப் பிடித்து, மிக ஐதான நைத்திரிக்கமிலத்தில் விட்டுவிடும். பிடிக்கவும் விடவும் தெரிந்த முன்னொழுங்கு.

#13 கல்லுண்டாய்

தோட்டக் கிணறெண்டபடியால் அமோனியத்தையும் மறக்க வேண்டாம். அதின்ரை பருமன் பொட்டாசியத்துக்குக் கிட்ட, வலினோமைசின் அதை நூறிலை ஒண்டு அளவிலை பிடிக்கும். யூரியா போட்ட கையோடை எடுத்த மாதிரியிலை இது தெரியலாம். கல்சியம், மகனீசியம் பயமில்லை, கடினத் தண்ணியெண்டாலும் இரட்டை ஏற்றம் அந்தக் காப்புக்குள்ளை வராது.

மாதிரிக்கு அளவுகோட்டை நம்பாமல் நியமக் கூட்டல் செய்யுங்கோ. 50 மில்லிலீற்றர் மாதிரி, வாசிப்பு எடுத்த பிறகு 0.01 மூல் பொற்றாசியம் குளோரைட்டு 0.5 மில்லிலீற்றர். மாதிரியிலை 0.1 மில்லிமூல் இருந்தால் 30 பாகையிலை 18 மில்லிவோல்ட்டுக்குக் கிட்டக் கூட வேணும். அந்த வெப்பநிலையிலை முழுச் சாய்வு 60.1, புத்தகத்து 59.2 அல்ல. நியமத்தையும் மாதிரியையும் ஒரே வெப்பநிலைக்குக் கொண்டு வந்து அளவுங்கோ. கிணத்திலிருந்து அள்ளின உடனை அளந்தால் ரண்டு மூண்டு பாகை வித்தியாசம் இருக்கும்.

#14 கிணத்தடி

தராசு 1 மில்லிகிராம் காட்டுறதுதான். கரைசலாக்கி அளந்து புதுத் தோல் வார்த்தாச்சு. 0.02 மூல் சோடியம் குளோரைட்டுக்குள்ளை கோடு 10⁻⁵ வரை நேராப் போகுது, சாய்வு 58.6. பழைய தோலையும் வைச்சிருக்கிறன், ரண்டையும் ஒரே உப்புக் கரைசலிலை பக்கத்திலை பக்கத்திலை விட்டுப் பிள்ளையள் வரைபு கீறுவினம்.

நியமக் கூட்டலுக்கு மாதிரிகளை ஒரு மணித்தியாலம் மேசையிலை வைச்சு எடுக்கிறம். இனி யூரியா போட்ட தோட்டத்து மாதிரிக்கு அமோனியத்தை எப்பிடிக் கழிக்கிறது எண்டதை வேறை இழையிலை கேக்கிறன்.